தாத்தா பாட்டியைப் படம் பிடித்தார். ஒரு சமூகமே பதிவானது!

மாட்டுங்காவில் குடியிருக்கும் தமிழர்களுக்கு ஐந்து தோட்டத்தைத் தெரியாமல் இருக்காது. காலையில் நடக்கப் போகிறவர்களும், சாயங்காலம் குழந்தைகளை விளையாட விடுகிறவர்களும் அங்கேதான் போகிறார்கள். அந்தத் தோட்டங்களை ஒட்டித்தான் தாதர் பார்சி காலனி. 1920-களில் மஞ்சர்ஜி ஜோஷி என்ற பார்சிப் பெரியவர், நடுத்தர வருமானம் உள்ள தம் மக்களுக்காக நகர மேம்பாட்டு டிரஸ்டிடம் மனைகள் வாங்கி உருவாக்கிய குடியிருப்பு இது. இரண்டு பக்கமும் மரங்கள். உயரம் குறைந்த கட்டிடங்கள். பால்கனியில் சாய்வு நாற்காலி. அதில் பத்திரிகையும் கையுமாக ஒரு முதியவர். வாசற்படியில் சுண்ணாம்புப் பொடியால் போட்ட மீன் கோலம்.

ஆம், கோலம்தான்! நம் வீட்டுப் பெண்கள் விரலால் இழுக்கிறார்கள். அவர்கள் அடியில் துளை போட்ட தகரப் பெட்டியில் பொடியை நிரப்பி, தரையில் ஒரு தட்டுத் தட்டுகிறார்கள். மீன், பூ என்று அச்சு விழுந்துவிடும். நிலைப்படியில் தோரணமும் உண்டு. மாவிலைக்குப் பதில் பாசிமணியில் கோத்த தோரணத்தைப் பல வீடுகளில் பார்க்கலாம்.

நம்மில் எத்தனையோ பேர் அந்தத் தெருக்கள் வழியாக நடந்து போய் வண்டி பிடிக்கிறோம். பார்சி முதலாளியிடம் வேலை பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பார்சி ஹெட் கிளார்க்கிடம் திட்டு வாங்கியவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அந்த வீட்டுக் கதவுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியாது. அவர்களுடைய அக்னிக் கோவிலுக்குள், அதாவது அகியாரிக்குள், மற்ற மதத்தினர் போகக் கூடாது என்பது மரபு. பெயர்ப் பலகையைப் படித்துவிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

அந்தக் கதவுக்கு உள்ளே இருந்துகொண்டே இருபது ஆண்டுகளுக்கு மேல் படம் பிடித்தவர் ஒரு பெண். அவர் பெயர் சூனி தாராபூர்வாலா. சினிமா பார்க்கிறவர்களுக்கு அவரை வேறு வகையில் தெரியும். 1988-ல் வெளிவந்த 'சலாம் பாம்பே' படத்துக்குத் திரைக்கதை எழுதியவர் அவர்தான். போட்டோக் கலைஞர், திரைக்கதை ஆசிரியர், பிறகு டைரக்டர் என்று மூன்று வேலைகள் பார்த்தவர். 2014-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

தாராபூர்வாலா என்றால் தாராபூர்க்காரர் என்று பொருள். அணுமின் நிலையம் இருக்கிறதே, அதே தாராபூர்தான். மேற்கு ரயில்வேயில் போயிசர் ஸ்டேஷனில் இறங்கிப் போக வேண்டும். பார்சிகளின் குடும்பப் பெயரில் ஊர் இருக்கும், அல்லது தொழில் இருக்கும். காண்டிராக்டர், என்ஜினீயர், மெர்ச்சன்ட், பாட்லிவாலா என்றெல்லாம் பெயர் உண்டு. டிக்கெட் ரிசர்வேஷன் பாரத்தில் 'என்ஜினீயர்' என்று எழுதிக் கொடுத்தவரிடம், "தொழிலைக் கேட்கவில்லை ஐயா, பெயரைச் சொல்லுங்கள்" என்று புதிதாக வேலைக்கு வந்த பையன் ஒருவன் வாதாடியதை எங்கள் கவுண்டரிலேயே பார்த்திருக்கிறேன்.

கடன் வாங்கிய காமிரா

சூனி 1957-ல் பம்பாயில் பிறந்தார். தாத்தா, பாட்டி என்று பெரியவர்கள் நிறைந்த கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தார். படிப்பில் கெட்டிக்காரர். உதவித் தொகை பெற்று அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குப் போனார். படித்தது இலக்கியம். கூடவே சினிமா வகுப்புகளுக்கும் போனார். அங்கே மாணவியாக இருந்தபோதுதான் நல்லதாக ஒரு காமிரா வாங்கினார். கையில் பணம் இல்லை. அறைத் தோழியிடம் கடன் வாங்கித்தான் வாங்கினார்!

1977-ல் அந்தக் காமிராவுடன் பம்பாய்க்கு வந்தார். இரண்டு ஆண்டு வெளியூரில் இருந்துவிட்டுத் திரும்பினால் நம் ஊர் நமக்கே கொஞ்சம் புதிதாகத் தெரியும் அல்லவா? திருநெல்வேலிக்கோ வேலூருக்கோ லீவில் போய் வருகிற நம்மவர்களுக்கு இது புரியும். இத்தனை நாளும் கண்ணில் படாத திண்ணை அப்போது கண்ணில் படும். கிணற்றடியில் அத்தை உட்கார்ந்திருக்கும் விதம் கண்ணில் படும். சூனிக்கும் அப்படித்தான் ஆகியிருக்க வேண்டும். தெருவில் படம் எடுத்தார். வீட்டிலும் எடுத்தார். வீட்டில் எடுத்தது யாரை? தாத்தாவை, பாட்டியை, உறவினர்களை.

பார்சி சமூகத்தை ஆவணப்படுத்தப் போகிறேன் என்று அப்போது அவர் கிளம்பவில்லை. கண்ணெதிரே இருந்தவர்களை எடுத்தார், அவ்வளவுதான். பிறகு நியூயார்க் பல்கலைக்கழகத்தில் சினிமாக் கலையில் எம்.ஏ. பட்டம் பெற்றார். அது 1981-ல். படித்து முடித்ததும் ஊர் திரும்பி, பத்திரிகைகளுக்குப் படம் எடுத்துக் கொடுக்கும் தொழிலில் இறங்கினார்.

இந்தச் சமயத்தில்தான் ஒரு திருப்பம். கலர் புகைப்படத்தில் உலகப் புகழ் பெற்ற ரகுபீர் சிங், சூனி தம் குடும்பத்தாரை எடுத்த படங்களைப் பார்த்தார். இதை ஒரு புத்தகமாகச் செய்யலாமே, பார்சிகளைப் பற்றி ஒரு புத்தகம் போடலாமே என்று யோசனை சொன்னார். கங்கைக் கரையையும் ராஜஸ்தானையும் படமாக எடுத்துத் தாமே புத்தகங்கள் போட்டவர் ரகுபீர் சிங். படத்தின் அருமை தெரிந்தவர். அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தை, வீட்டு ஆல்பத்தை வேறு வேலையாக மாற்றிவிட்டது.

உள்ளே இருப்பவர் எடுத்த படம்

வெள்ளைக்காரர் காலத்தில் இருந்தே பார்சிகளைப் படம் எடுத்தவர்கள் உண்டு. ஸ்டூடியோவில் திரை கட்டி, பக்கத்தில் பூச்சாடி வைத்து, நீளமான கோட்டும் உயரமான தொப்பியுமாக நிறுத்தி எடுத்தவை அவை. நம் வீடுகளிலும் அப்படி ஒரு படம் தொங்கும். தாத்தா நாற்காலியில், பாட்டி நின்றபடி, இருவர் முகத்திலும் சிரிப்பே இருக்காது. அது கௌரவத்துக்கு எடுத்த படம். அதில் அவர்கள் எப்படிச் சாப்பிட்டார்கள், எந்த மூலையில் உட்கார்ந்து ரேடியோ கேட்டார்கள் என்று தெரியாது.

சொந்தக்காரர்களைப் படம் எடுப்பது சுலபம் என்று நினைக்கிறோம். எடுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் கஷ்டம் தெரியும். காமிராவைக் கண்டதும் அத்தை புடவைத் தலைப்பைச் சரி செய்வாள். மாமா வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார். "நல்ல சட்டை போட்டுக்கொண்டு வருகிறேன், இரு" என்பார். அந்தக் கட்டம் தாண்ட வேண்டும். தினமும் காமிராவோடு வீட்டில் திரிந்தால் ஒரு நாள் அவர்கள் அதை மறந்துவிடுவார்கள். அன்றைக்குத்தான் படம் கிடைக்கும். பத்திரிகையில் இருந்து அரை நாளுக்கு வந்து போகிற போட்டோக்காரருக்கு அது கிடைக்காது.

பழைய பார்சி வீடுகளின் அமைப்பும் கவனிக்க வேண்டியது. உயரமான கூரை. கனமான கறுப்பு மர பீரோ, ஆளுயரக் கண்ணாடி. சுவரில் சரதுஷ்டிரர் படம், அதன் பக்கத்தில் காலமான பெரியவர்களின் படங்கள், முன்னால் ஒரு சிறு விளக்கு. வெளிச்சம் பெரும்பாலும் பால்கனிப் பக்கம் இருந்துதான் வரும். பாதி முகம் வெளிச்சத்தில், பாதி நிழலில். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? சூனிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவை கறுப்பு வெள்ளைப் படங்கள்தான்.

இன்றைய இளைஞர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அப்போது காமிராவில் ஒரு சுருள் போட்டால் 36 படம். எடுத்தது எப்படி வந்திருக்கிறது என்று உடனே பார்க்க முடியாது. சுருளை முழுதும் முடித்து, இருட்டறையில் கழுவி, நெகட்டிவ்களை வரிசையாக ஒரே தாளில் சின்னச் சின்னதாக அச்சுப் போட்டு, பூதக் கண்ணாடி வைத்துப் பார்த்தால்தான் தெரியும். ஒரு சுருளில் ஒரு நல்ல படம் தேறினால் அதிர்ஷ்டம். ஒன்றுமே தேறாமலும் போகும். காசு போனது போனதுதான். ஆகவே விரலை அழுத்தும் முன் யோசிக்க வேண்டியிருந்தது. கைப்பேசியில் ஒரே மேடையை இருநூறு தடவை எடுக்கிறோமே, அந்தப் பேச்சே கிடையாது.

வீட்டில் இருந்து அடுத்து உறவினர் வீடு. அங்கிருந்து பழக்கமானவர் வீடு. அப்படியே வட்டம் பெரிதானது. நவ்ஜோத் சடங்கு நடக்கும் இடம், கல்யாண வீடு, புரோகிதர்கள், கடற்கரையில் நின்று பிரார்த்தனை செய்கிறவர்கள், தனியாக வாழும் முதியவர்கள் என்று பலவும் அவர் காமிராவுக்குள் வந்தன.

நவ்ஜோத் என்பது என்ன என்று கேட்கலாம். நம்மில் சில சாதியாரிடம் உள்ள பூணூல் கல்யாணத்துக்கும் அதற்கும் தூரத்து உறவு போலத் தோன்றும். ஏறக்குறைய ஏழு வயதில் இருந்து பதினோரு வயதுக்குள் குழந்தைக்கு சுத்ரே என்ற வெள்ளை மெல்லிய சட்டையை அணிவித்து, இடுப்பில் குஸ்தி என்ற கம்பளி நூல் கயிற்றைக் கட்டுகிறார்கள். ஆனால் இங்கே ஒரு பெரிய வித்தியாசம். பையனுக்கு மட்டும் என்று இல்லை, பெண் குழந்தைக்கும் அதே சடங்கு, அதே கயிறு! சடங்கு முடிந்ததும் விருந்து. இலையில் சுற்றி வேக வைத்த மீன், உருளைக்கிழங்குப் பொரியல் தூவிய ஆட்டுக்கறி, கடைசியில் கஸ்டர்ட். பந்தி நீளமான மேசைகளில் நடக்கும். அழைப்பின் பேரில் ஒரு முறை போய்ச் சாப்பிட்டிருக்கிறேன். அங்கேயும் நம் ஊர்ப் பந்தி போலவே எழுந்திருக்கிறவர் நாற்காலிக்குப் பின்னால் அடுத்தவர் காத்து நிற்கிறார்.

சூனிக்குக் கிடைத்த சலுகை, தாமும் ஒரு பார்சி என்பது. கதவு திறந்தது. ஆனால் சலுகை இருந்தால் பொறுப்பும் வருகிறது. வெளியார் தப்பாக எடுத்துவிட்டுப் போய்விடலாம். உள்ளூர்க்காரர் மறுநாளும் அதே தெருவில் நடக்க வேண்டும். அதே அத்தை முகத்தில் விழிக்க வேண்டும். எதை எடுக்கலாம், எதைக் காட்டாமல் விடலாம் என்பதை ஒவ்வொரு முறையும் அவரே தீர்மானிக்க வேண்டியிருந்திருக்கும்.

குறைந்துகொண்டே போகும் கணக்கு

இந்த வேலைக்கு ஓர் அவசரமும் இருந்தது. 1941 ஜனத்தொகைக் கணக்கில் பார்சிகள் 1,14,890 பேர். 2001-ல் 69,601. 2011-ல் 57,264. எழுபது ஆண்டில் சரிபாதியாகிவிட்டார்கள். இதே காலத்தில் இந்த நாட்டு ஜனத்தொகை பல மடங்கு பெருகிற்று என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கல்யாணம் செய்துகொள்ளாதவர்கள் அதிகம். செய்துகொண்டாலும் வயது கடந்து செய்துகொள்கிறார்கள். ஒரு குழந்தையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வெளிநாட்டுக்குப் போனவர்களும் நிறைய. வேறு மதத்தவரை மணந்த பெண்ணின் பிள்ளைகளைச் சமூகம் சேர்த்துக்கொள்வதில்லை என்ற வழக்கமும் உண்டு. குழந்தைப்பேற்றுச் சிகிச்சைக்குப் பண உதவி செய்ய 2013-ல் மத்திய அரசே 'ஜியோ பார்சி' என்று ஒரு திட்டம் கொண்டுவர நேர்ந்தது. குடும்பக் கட்டுப்பாட்டுக்குப் பெயர் போன அரசாங்கம் ஒரு சமூகத்தைப் பார்த்து, பிள்ளை பெற்றுக்கொள்ளுங்கள் என்று சொன்னது இங்கேதான்!

ஆட்கள் மட்டும் குறையவில்லை. மலபார் ஹில்லில் உள்ள தூங்கர்வாடியில் இறந்தவர் உடலைக் கழுகுகளுக்கு விடுவது அவர்கள் மரபு. சூனி படம் எடுக்கத் தொடங்கிய காலத்தில் வானத்தில் கழுகுகள் வட்டமிட்டன. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து, செத்த மாட்டைத் தின்ற கழுகுகளைக் கொன்றது. 1990-களில் நாடு முழுவதும் கழுகு இனமே அழிந்துபோகும் நிலை வந்தது. 2006-ல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். அதற்குள் காலம் கடந்துவிட்டது. ஆயிரம் ஆண்டுக்கும் மேலான ஒரு வழக்கம் ஒரு மாத்திரையால் முடங்கும் என்று யார் எதிர்பார்த்திருப்பார்கள்?

இப்படிப் பல ஆண்டு எடுத்த படங்களைத் தொகுத்து 2000-ல் புத்தகமாகக் கொண்டுவந்தார் சூனி. பெரிய பதிப்பகம் எதையும் நம்பிக் காத்திருக்கவில்லை, தாமே வெளியிட்டார். படத்தோடு நிறுத்தவில்லை. பார்சிகள் ஈரானில் இருந்து குஜராத் கரைக்கு வந்த வரலாறு, அவர்கள் மதம், வழக்கங்கள் எல்லாவற்றையும் எழுதிச் சேர்த்தார். பார்சிகளைப் பார்சி ஒருவரே இவ்வளவு விரிவாகப் படத்தில் பதிவு செய்தது அதற்கு முன் இல்லை. 2004-ல் அமெரிக்காவில் மறுபதிப்பு வந்தது. அவருடைய படங்கள் டெல்லி தேசிய நவீன கலைக் கூடத்திலும், நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்திலும் காட்சிக்கு வைக்கப்பட்டன.

புத்தகம் வெளியான நேரத்தில், முதல் படங்களில் இருந்த தலைமுறை ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஐந்து ஆண்டு தள்ளித் தொடங்கியிருந்தால் அந்த முகங்கள் கிடைத்திருக்காது.

படத்தில் இருந்து சினிமாவுக்கு

இடையில் சினிமா வந்தது. ஹார்வர்டில் உடன் படித்த மீரா நாயர், பம்பாய்த் தெருச் சிறுவர்களைப் பற்றிப் படம் எடுக்க நினைத்தார். திரைக்கதை எழுதச் சூனியை அழைத்தார். அதுவரை சூனி திரைக்கதை எழுதியவர் அல்ல. ஆனால் பத்து ஆண்டாக இந்த நகரத் தெருக்களில் காமிராவோடு அலைந்தவர். அதுவே முதலீடு ஆயிற்று.

மேசையில் உட்கார்ந்து கற்பனை செய்யாமல், இருவரும் தெருச் சிறுவர்களோடு பழகி, அவர்கள் சொன்னதைக் கேட்டுத்தான் கதையை உருவாக்கினார்கள். நடித்ததும் உண்மையான தெருச் சிறுவர்கள். நாடகக்காரர் பாரி ஜான் அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். கிராமத்தில் இருந்து வந்து, கிராண்ட் ரோடு பகுதியில் டீ கொண்டு போகிற பையன்தான் கதாநாயகன். அவன் பெயர் கிருஷ்ணா. ஆனால் தெருவில் எல்லோரும் அவனை 'சாய்பாவ்' என்றே கூப்பிடுகிறார்கள். ஊரை விட்டு வந்தவனுக்கு முதலில் போவது பெயர் என்பதை இந்த ஒரு விஷயத்தில் காட்டிவிட்டார் திரைக்கதை ஆசிரியர். 'மதராசி' என்றும் 'அண்ணா' என்றும் மட்டும் கூப்பிடப்பட்டு முப்பது வருஷம் வேலை பார்த்தவர்கள் நம்மில் இல்லையா?

கான் திரைப்பட விழாவில் முதல் படத்துக்கான தங்கக் காமிரா விருது 'சலாம் பாம்பே'க்குக் கிடைத்தது. ஆஸ்கார் பரிசுக்கும் முன்மொழியப்பட்டது. இசை அமைத்தவர் நம் வயலின் வித்துவான் எல்.சுப்பிரமணியம் என்பதை நம்மவர்கள் பலர் மறந்துவிட்டார்கள். தெருச் சிறுவர்களுக்கு உதவ 'சலாம் பாலக் டிரஸ்ட்' என்ற அமைப்பும் இந்தப் படத்தின் பலனாகத் தோன்றியது. எல்லாம் இனிப்பாகவே முடிந்தது என்று சொல்ல முடியாது. சாய்பாவாக நடித்துத் தேசிய விருது வாங்கிய ஷஃபீக் சையது, பிற்காலத்தில் பெங்களூரில் ஆட்டோ ஓட்டிப் பிழைத்தார். படம் உலகம் சுற்றுகிறது, படத்தில் இருந்தவர் வீடு திரும்புகிறார். ஆவணப் படம், உண்மைப் படம் என்று பேசுகிறவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

1998-ல் வந்த 'சச் எ லாங் ஜர்னி' படத்துக்கும் திரைக்கதை அவர்தான். ரோஹின்டன் மிஸ்திரியின் நாவல். 1971-ம் ஆண்டு பம்பாயில், ஒரு பார்சி பாங்க் கிளார்க் படும் பாடு. மகன் அப்பா பேச்சைக் கேட்பதில்லை. நண்பனுக்கு உதவப் போய் வம்பில் மாட்டிக்கொள்கிறார். குடியிருப்புச் சுவரில் போகிற வருகிறவர்கள் எல்லாம் அசுத்தம் செய்கிறார்கள். அதைத் தடுக்க ஒரு நடைபாதை ஓவியரைக் கூப்பிட்டு, எல்லா மதத்துத் தெய்வங்களையும் சுவர் முழுக்க வரையச் சொல்கிறார். பிறகு யாருக்குத் துணிச்சல் வரும்? கிளார்க் உத்தியோகம் பார்க்கிற எவரும் இந்தக் கதையில் தம்மை அடையாளம் கண்டுகொள்வார்கள்.

டாக்டர் அம்பேத்கர் வாழ்க்கையை ஜப்பார் பட்டேல் டைரக்ட் செய்த படத்திலும் திரைக்கதை ஆசிரியர்களில் ஒருவர் சூனி. மம்முட்டி அம்பேத்கராக நடித்த அந்தப் படம் தமிழில் 2010-ல்தான் வெளிவந்தது. எழுதியவர்களின் பெயரை யார் கவனிக்கிறார்கள்?

சிரிக்க வைத்த 'ஜிஜூ'

சூனியின் புகைப்படங்களைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. அவற்றில் பாசம் அதிகம். முதியவர்கள் அழகாக இருக்கிறார்கள். அறைகள் அழகாக இருக்கின்றன. ஆனால் பார்சிகளுக்குள் நடக்கும் சண்டை அதில் தெரியாது. யார் உண்மையான பார்சி, கலப்பு மணம் செய்தவருக்கு அகியாரியில் இடம் உண்டா என்று அவர்கள் நூறு ஆண்டுக்கு மேலாகக் கோர்ட்டு வரை போய் வழக்காடி வருகிறார்கள். 1908-லேயே பம்பாய் ஹைகோர்ட்டில் இது பற்றி ஒரு பெரிய தீர்ப்பு வந்திருக்கிறது. நிற்கும் படத்தில் இந்த வாதத்தை எப்படிக் காட்டுவது? முகத்தைத்தான் காட்ட முடியும்.

அதைக் காட்ட அவர் சினிமாவுக்கு வந்தார். தாமே எழுதி டைரக்ட் செய்த முதல் படம் 'லிட்டில் ஜிஜூ', 2009-ல் திரைக்கு வந்தது. பதினோரு வயதுப் பார்சிப் பையன் ஒருவன், கால்பந்துப் பைத்தியம். பிரெஞ்சு வீரர் ஜிடேனை எப்படியாவது மும்பைக்கு வரவழைக்க வேண்டும் என்று செத்துப்போன அம்மாவிடம் வேண்டிக்கொள்கிறான். அவன் அப்பாவோ, மதத்தின் தூய்மையைக் காக்க வந்தவன் நானே என்று கூட்டம் சேர்க்கும் ஆசாமி. அவரை எதிர்த்து எழுதும் பத்திரிகைக்காரராக பொமன் இரானி. இரண்டு குடும்பமும் மோதுகின்றன. ஆனால் அந்தத் தாயில்லாப் பையனுக்குச் சோறு போட்டு அன்பு காட்டுவது பத்திரிகைக்காரர் வீடுதான்.

தம் மகனையும் மகளையுமே முக்கிய வேடங்களில் நடிக்க வைத்தார். பேச்சும் ஆங்கிலம், பார்சிக் குஜராத்தி, ஹிந்தி என்று அவர்கள் வீட்டில் எப்படிக் கலந்து பேசுகிறார்களோ அப்படியே. தாத்தா பாட்டியைப் படம் எடுத்த அதே முறைதான். வீட்டில் இருந்து தொடங்குவது! ஒரே மாற்றம், இப்போது சிரிக்கவும் வைத்தார். தம் சமூகத்தின் மதவெறியைத் தாமே கேலி செய்வதற்குத் துணிச்சல் வேண்டும். வெளியார் செய்திருந்தால் கல்லெறி விழுந்திருக்கும். படத்துக்குக் குடும்ப நலம் பற்றிய சிறந்த படம் என்ற தேசிய விருது கிடைத்தது.

பிறகு 2020-ல் 'யே பாலே'. மும்பையில் ஏழை வீட்டில் பிறந்து, மேல்நாட்டு பாலே நடனம் கற்று முன்னுக்கு வந்த இரண்டு பையன்களின் கதை. இருவரில் ஒருவரான மனீஷ் சௌஹான், தம் கதையில் தாமே நடித்தார். முதலில் இதே விஷயத்தைச் சிறு ஆவணப் படமாக எடுத்துவிட்டு, அதில் இருந்துதான் முழுநீளப் படத்துக்குப் போனார் சூனி. முதலில் பார்ப்பது, பிறகு எழுதுவது. இந்த வரிசை அவரிடம் மாறவே இல்லை.

நாற்பது ஆண்டு நகரம்

பார்சிகளை எடுத்துக்கொண்டே இந்த நகரத்தையும் எடுத்துக்கொண்டிருந்தார். அந்தத் தெருப் படங்கள் 2017-ல் தனிப் புத்தகமாக வந்தன. 'வீடு இருக்கும் நகரம்' என்பது போன்ற தலைப்பு. 1977 பம்பாயில் தொடங்கி 2017 மும்பை வரை நாற்பது ஆண்டு. எல்லாம் கறுப்பு வெள்ளை. அதில் கட்டுரை எழுதியவர்களில் ஒருவர் பீகோ ஐயர். பெயரைப் பார்த்ததும் நம்மவர் போலிருக்கிறதே என்று தோன்றும். உண்மைதான். இங்கிலாந்தில் பிறந்தாலும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை.

நாற்பது ஆண்டு நெகட்டிவ்களைப் பத்திரமாக வைத்திருந்து, எந்த ஆண்டு, எந்த இடம் என்று குறிப்பும் வைத்திருந்தால்தான் இப்படி ஒரு புத்தகம் போட முடியும். மும்பை மழையில் பூஞ்சை பிடிக்காமல் ஒரு படச் சுருளைக் காப்பாற்றுவது லேசான காரியமா? ரயில்வேயில் பத்து வருஷத்துப் பழைய ரிஜிஸ்டரையே எங்களால் கறையான் இல்லாமல் வைத்துக்கொள்ள முடிவதில்லை.

இதைப் படித்தபோது தாராவியைத்தான் நினைத்தேன். திருநெல்வேலிப் பக்கம் இருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்களின் தலைமுறையில் இன்று எத்தனை பேர் இருக்கிறார்கள்? தோல் கிடங்குகள் பெரும்பாலும் போய்விட்டன. மறுசீரமைப்புத் திட்டத்தில் குடிசைகளும் சந்துகளும் போகப் போகின்றன. தாராவியைப் படம் எடுத்தவர்களுக்குக் குறைவில்லை. உலகமெங்கும் இருந்து வருகிறார்கள். சாக்கடையை எடுக்கிறார்கள், தகரக் கூரையை எடுக்கிறார்கள். பொங்கலன்று 90 அடி சாலையில் பெண்கள் வரிசையாகப் பானை வைத்துப் பொங்குவதையும் எடுத்து ஒரு நாள் பத்திரிகையில் போடுகிறார்கள். ஆனால் உள்ளே, எட்டுக்குப் பத்து அறையில், ஊரில் இருந்து வந்த கடிதத்தைப் பேரனை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்ட ஆச்சியை யார் எடுத்தார்கள்? அங்கே பிறந்து வளர்ந்த பையன்கள் கையில் இன்று நல்ல கைப்பேசி இருக்கிறது. சூனிக்கு அமெரிக்காவில் கடன் வாங்க வேண்டியிருந்தது. இவர்களுக்கு அதுவும் தேவையில்லை. ஆச்சி இன்னும் இருக்கும் வீடுகளில் இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம். எடுத்ததைக் கடையில் கொடுத்துக் காகிதத்தில் போட்டு, பின்பக்கம் பெயரையும் தேதியையும் எழுதி வையுங்கள்.

பெயர் எழுதுவதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற பார்சிப் பெரியவர் ஒருவர், இந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது தம் வீட்டு ஆல்பத்தைக் கொண்டுவந்து காட்டினார். அவர் நவ்ஜோத் அன்று எடுத்த குரூப் போட்டோ. நடுவில் வெள்ளைத் தொப்பியோடு அவர், சுற்றிலும் பதினேழு பேர். பின்பக்கம் அவருடைய அம்மா குஜராத்தியில் பென்சிலால் பெயர்களை எழுதி வைத்திருந்தார். ஒவ்வொருவராகத் தொட்டு உறவு முறை சொல்லிக்கொண்டே வந்தவர், ஓரத்தில் நின்ற ஒரு பெண்மணியிடம் வந்ததும் நிறுத்திவிட்டார். அந்த இடத்தில் பென்சில் எழுத்து அழிந்திருந்தது. படத்தைத் திருப்பினார், மறுபடி திருப்பினார். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "சிரிப்பைப் பார்த்தால் எங்கள் பக்கம்தான்" என்றார்.